வந்தது ஆளா, யானையா: தடாகம் வீட்டில் ஃப்ரிகேட்

வீட்டுக் கேமராக்களுக்குப் பதிவு மென்பொருள் எது நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் ஃப்ரிகேட்டைத்தான் சொல்கிறேன். கண்ட அசைவுக்கெல்லாம் அது கத்துவதில்லை. வந்தது ஆளா, நாயா, வண்டியா என்று பிரித்துப் பார்த்து, நாம் கேட்டுக்கொண்டதற்கு மட்டும் ஃபோனுக்குத் தகவல் அனுப்புகிறது. கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் எங்கள் வீடு. பின்வாசலைத் திறந்தால் பாக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் ஓடை, அதற்கப்புறம் மலை. இரவில் பின்பக்கம் சத்தம் கேட்டால் கதவைத் திறக்கலாமா கூடாதா என்பது எங்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்கிற கேமராதான் வேண்டியிருந்தது.

முன்பு வைஃபை கேமராக்கள் வைத்திருந்தோம். மழை பெய்தால் அலாரம், மரம் ஆடினால் அலாரம், பல்லி லென்ஸ் மேல் ஊர்ந்தால் அலாரம். இரண்டே மாதத்தில் வீட்டில் எல்லோரும் ஃபோனில் அறிவிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய பதிவைப் பார்க்க மாதச் சந்தா வேறு. அதோடு, படம் எல்லாம் எங்கோ ஓர் ஊரில் இருக்கிற சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறது. எங்கள் வாசலில் அம்மா கோலம் போடுவதை நாங்கள் பார்க்க, அந்தப் படம் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை.

ஃப்ரிகேட் இலவசம், திறந்த மூல மென்பொருள். பிளேக் பிளாக்‌ஷியர் என்ற அமெரிக்க நிரலாளர் தொடங்கியது; இப்போது பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். வீட்டில் ஒரு கணினியில் இதை ஓட விட்டால், வீட்டு வலையில் இருக்கிற கேமராக்களின் வீடியோவை வாங்கி, தன் ஹார்ட் டிஸ்க்கிலேயே பதிந்துகொள்கிறது. இது வேலை செய்யும் விதம் எளிமையானது. முதலில் படத்தில் எங்கே அசைவு இருக்கிறது என்று பார்க்கிறது. அசைந்த இடத்தை மட்டும் சின்னச் சதுரமாக வெட்டி எடுத்து, பொருளை அடையாளம் காணும் மாடலுக்குக் கொடுக்கிறது. நொடிக்கு ஐந்து ஃபிரேம் பார்த்தால் போதும். முழுப் படத்தையும் ஓயாமல் அலசத் தேவையில்லாததால் சாதாரணக் கணினியே தாங்குகிறது.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவள் இல்லை. மில் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். லினக்ஸ் முன்பே கொஞ்சம் பழக்கம். அந்த அளவு இருந்தால் போதும், ஆனால் அந்த அளவாவது வேண்டும்.

மென்பொருளுக்கு முன்னால் கேபிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பாதி வெற்றி அங்கேதான் இருக்கிறது. வைஃபை கேமராக்களை ஃப்ரிகேட்டோடு வைக்கலாம், ஆனால் நான்கு கேமராவும் இருபத்து நாலு மணி நேரமும் காற்றில் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தால் படம் விட்டு விட்டுத்தான் வரும். பிஓஇ கேமரா எடுங்கள். ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் போகும், படமும் வரும். கேபிள்கள் எல்லாம் வந்து சேருகிற பிஓஇ ஸ்விட்ச்சின் ஒவ்வொரு போர்ட்டும் 15.4 வாட் வரை கொடுக்கும். சாதாரண கேமராவுக்கு அது தாராளம். கேபிள் 100 மீட்டர் வரை போகலாம்.

எங்களுக்கு வயரிங் செய்ய வந்த தம்பி ஒரு கேபிள் சுருள் கொண்டுவந்தார். விலை ரொம்பக் குறைவு. ஒரு துண்டை வாங்கி, உள்ளே இருக்கிற மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், இரண்டு இழுப்பில் உள்ளே வெள்ளை தெரிந்தது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி.

"இதுவும் கேட்-6 தானுங்க அக்கா, எல்லா வீட்டுக்கும் இதைத்தான் போடறோம்" என்றார்.

"தெரியும் தம்பி. கரண்டும் இதுலயேதானே போகணும்? தோப்புக் கடைசிக்கு அறுபது மீட்டர் இருக்குதுங்க" என்றேன். மறுநாள் சுத்தச் செம்புக் கேபிள் வந்தது.

அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். நீளம் கூடக் கூட வோல்டேஜ் இறங்கும். பகலில் ஒழுங்காக ஓடுகிற கேமரா, இரவில் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் தானாக அணைந்து அணைந்து எழும். கேமராதான் கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கேபிள் வாங்கும்போது பிளேடு ஒன்று கையில் இருக்கட்டும். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெளியே கேபிள் சேருமிடத்தில் ஜங்ஷன் பாக்ஸ் கட்டாயம். கேபிளை நேராகப் பெட்டிக்குள் விடாமல், கொஞ்சம் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே ஏற்றினால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கேமராவுக்கு வருகிறேன். ஆர்டிஎஸ்பி, அதாவது வேறு கருவிகளுக்கு நேரடியாக வீடியோ கொடுக்கும் வழி, இருக்க வேண்டும். ஆன்விஃப் இருந்தால் இன்னும் நல்லது. ஆன்விஃப் என்பது ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய பொதுத் தரநிலை. ஒரு கம்பெனி கேமராவை இன்னொரு கம்பெனிப் பெட்டி புரிந்துகொள்ள உதவுவது. தன் செயலியைத் தவிர வேறு எங்கும் படம் கொடுக்காத கேமராக்கள் சந்தையில் நிறைய இருக்கின்றன. அவை ஃப்ரிகேட்டுக்கு ஆகாது. 2025 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கிற சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனையும் கட்டாயம், எஸ்டிக்யூசி சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். மெகாபிக்சலைப் பார்த்து மயங்க வேண்டாம். அதே அளவு சென்சாரில் எட்டு மெகாபிக்சலை நெருக்கி வைத்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் குறையும். இரவில் படம் மங்கும். நான் நான்கு மெகாபிக்சலோடு நிறுத்திக்கொண்டேன். வாசலுக்கு 2.8 மில்லிமீட்டர் லென்ஸ், தோப்பு பார்க்கிற இரண்டுக்கும் 4 மில்லிமீட்டர்.

கணினி, அலுவலகங்களில் ஓடிக் கழித்த பழைய டெஸ்க்டாப். எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5. புது மினி பிசியை விட்டு இதை எடுத்ததற்குக் காரணம், 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் உள்ளேயே உட்காரும். பொருளை அடையாளம் காண முன்பெல்லாம் கூகுளின் கோரல் என்ற தனிச் சில்லு வாங்கச் சொல்வார்கள். இப்போது அது தேவையில்லை. ஆறாம் தலைமுறையிலிருந்து வந்த இன்டெல் சில்லுகளின் உள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸ், இன்டெல்லின் ஓப்பன்வினோ என்ற மென்பொருள் வழியாக அந்த வேலையைச் செய்துவிடுகிறது. என் கணினியில் ஒரு சதுரத்தைப் பார்க்க பதினைந்து மில்லி வினாடி அளவில்தான் ஆகிறது. நான்கு கேமராவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு, மென்பொருளைத் தனிப் பொதியாக ஓட்டுகிற டாக்கரில் ஃப்ரிகேட்டை இறக்கினால் நிறுவுதல் முடிந்தது. அதற்குப் பிறகுதான் அமைப்புகளை எழுதிவைக்கிற கான்ஃபிக் கோப்பு. யாமல் என்ற வடிவத்தில் எழுத வேண்டும்; ஓர் இடைவெளி தள்ளிப்போனாலும் ஏற்காது, ஆனால் எந்த வரியில் தவறு என்று சொல்லிவிடும். ஒவ்வொரு கேமராவிலும் முழுத் தெளிவோடு மெயின் ஸ்ட்ரீம், சிறிய படமாக சப் ஸ்ட்ரீம் என்று இரண்டு இருக்கும். பதிவுக்கு மெயின், அடையாளம் காண சப். ஹிக்விஷன் கேமரா என்றால் முகவரியின் கடைசியில் 101 என்றால் மெயின், 102 என்றால் சப். டாப்போ போன்றவற்றில் ஸ்ட்ரீம்1, ஸ்ட்ரீம்2. வருகிற வீடியோவை ஃப்ரிகேட் மறுபடி சுருக்குவதில்லை, அப்படியே டிஸ்க்கில் போடுகிறது. ஆகவே கேமராவுக்குள் இருக்கிற அமைப்புதான் முக்கியம். வீடியோவைக் கூடுதலாகச் சுருக்கும் வசதி எச்.265 பிளஸ், ஸ்மார்ட் கோடெக் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். ஐ-ஃபிரேம் (முழுப் படமாக வருகிற ஃபிரேம்) இடைவெளியை நொடிக்கான ஃபிரேம் எண்ணிக்கைக்குச் சமமாக வையுங்கள், 15 ஃபிரேம் என்றால் 15. இந்த இரண்டையும் செய்யாவிட்டால் நேரலை திறக்கத் தாமதமாகும், பதிவு துண்டு துண்டாக வரும்.

இனி எங்கள் வீட்டுக்கு ஏற்ப அதைப் பழக்கிய கதை.

முதல் வாரத்தில் மாலை நேரமெல்லாம் பின்பக்கம் "ஆள்" என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் கொடியில் அப்பாவின் வேட்டி. காற்றில் ஆடும்போது மாடலுக்கு அது நிற்கிற மனிதனாகத் தெரிகிறது. ஃப்ரிகேட் ஒரே ஒரு ஃபிரேமை நம்பி முடிவெடுப்பதில்லை; எவ்வளவு உறுதி என்று மாடல் தொடர்ந்து கொடுக்கிற மதிப்பெண்களின் நடு மதிப்பை எடுத்து, அது 0.7-ஐத் தாண்டினால்தான் ஆள் என்று ஏற்றுக்கொள்கிறது. வேட்டி தாண்டியது! அந்த இடத்தில் மட்டும் ஆள் என்று வந்தால் விட்டுவிடும்படி ஒரு மாஸ்க் வரைந்தேன். கண்ட பொருளைச் சுற்றி ஃப்ரிகேட் ஒரு பெட்டி போடும்; அந்தப் பெட்டியின் அடிப்பக்க நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்பதைத்தான் மாஸ்க்கும், நாம் வரைகிற கண்காணிப்புப் பகுதியான ஜோனும் கணக்கில் எடுக்கும். வேட்டியின் அடி தரைக்கு மேலேயே நிற்கிறது, மனிதனின் அடி தரையில் இருக்கிறது. அதனால் கொடிக்கு முன்னால் உண்மையாகவே ஒருவர் நடந்தால் இப்போதும் தகவல் வருகிறது.

இந்த அடிப்புள்ளி விஷயம் யானைக்கு இன்னும் முக்கியம். ஃப்ரிகேட்டோடு வருகிற மாடல் கோகோ என்ற பொதுப் படத்தொகுப்பில் பயின்றது. அதன் பட்டியலில் யானை இருக்கிறது, பறவை இருக்கிறது, மாடும் செம்மறியும் இருக்கின்றன. ஆடு இல்லை, காட்டுப்பன்றி இல்லை. ஃப்ரிகேட் இயல்பாக மனிதனை மட்டும்தான் தேடும். தேட வேண்டியவற்றின் பட்டியலில் நான் யானையைச் சேர்த்தேன். தோப்பை ஒரு ஜோனாக வரைந்தேன். ஆனால் யானை காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றால் கால் தெரியாது. பெட்டியின் அடி சுவரின் மேல்விளிம்பில் போய் உட்காரும். ஜோன் கோட்டைத் தரையோடு நிறுத்தாமல் சுவர் விளிம்பையும் சேர்த்து வரைந்த பிறகுதான் சரியாக வந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். பக்கவாட்டில் நின்றால் யானை என்று உடனே சொல்கிறது. இருட்டில் நேருக்கு நேர் நின்றாலோ, பாதி உடம்பு பாக்கு மரங்களுக்குப் பின்னால் இருந்தாலோ, மாடு என்கிறது. எங்கள் தோப்புக்குள் இரவில் எந்த மாடும் வராது. ஆகவே மாட்டையும் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். இரவில் மாடு என்று வந்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது யானை.

அப்பா விடியற்காலை நாலரைக்கெல்லாம் எழுந்து மோட்டார் போடப் போகிறவர். சென்ற கார்த்திகையில் ஒரு நாள், அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்த நேரம், என் ஃபோன் அதிர்ந்தது. யானை, தோப்பு.

"அப்பா, கதவைத் தொறக்காதீங்க!"

இருவரும் ஃபோனில் பார்த்தோம். சாம்பல் நிறப் படம். முதலில் வாழைகளுக்கு நடுவே ஒரு காது அசைவது மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் தும்பிக்கை சுவரைத் தாண்டி உள்ளே வந்து, ஒரு வாழையை அடியோடு வளைத்தது. கொஞ்சம் விலகியதும் அதன் முன்னங்காலை ஒட்டி இன்னொரு சின்ன உருவம். "பொறு கண்ணு, குட்டி இருக்குது" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். குட்டியோடு இருக்கிற யானையின் எதிரில் டார்ச் அடித்துக்கொண்டு போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கம்பக்கத்துக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு, வனத்துறைக் காவலர்களைக் கூப்பிட்டோம். வெளிச்சம் வருவதற்குள் இரண்டும் ஓடைப் பக்கம் போய்விட்டன.

இதையே பெரிய அளவில் வனத்துறை செய்கிறது. மதுக்கரையில் ரயில் பாதையைக் கடக்கிற யானைகளைக் காப்பாற்ற, 12 கோபுரங்களில் வெப்பக் கேமராவும் சாதாரண கேமராவும் வைத்து 2024 பிப்ரவரியில் தொடங்கினார்கள். அதோடு ஒப்பிட்டால் எங்கள் வீட்டு ஏற்பாடு ஒன்றுமே இல்லை. யானையைப் பற்றி ஃப்ரிகேட் எதுவும் சொல்லாத இரவுகளும் எங்களுக்கு உண்டு. காலையில் போய்ப் பார்த்தால் யானை லத்தி கிடக்கும். ஆகவே தகவல் வரவில்லை என்பதை நம்பி யாரும் வெளியே போகக் கூடாது. வந்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மயில்களைப் பற்றிக் கேட்பீர்கள். பறவையை நான் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் இங்கே ஃபோன் ஓயாது.

மழைக்காலத்தில் ஈசல் தொல்லை. கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் வலை கட்டும், அந்த வலை வெளிச்சத்தைத் திருப்பி அடித்துப் படமே வெள்ளையாகிவிடும். தோப்புக் கேமராக்களின் விளக்குகளை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று அடி தள்ளி இன்ஃப்ராரெட் விளக்கு ஒன்றைத் தனியாகப் பொருத்தியிருக்கிறேன். பூச்சிகள் அங்கே போய்விட்டன.

டிஸ்க் கணக்கு எளிது. கேமரா ஒன்று நொடிக்கு 3 மெகாபிட் அனுப்பினால் நாளுக்கு 32 ஜிபி சொச்சம். நான்குக்கும் சேர்த்து 130 ஜிபி. நான்கு டிபி டிஸ்க்கில் முழுப் பதிவும் ஒரு மாதம் இருக்கும். அசைவு உள்ள நேரத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இன்னும் நீளும். இடம் தீரும் நிலைக்கு வந்தால் பழையதைத் தானே அழித்துக்கொள்ளும். கண்காணிப்புக்கென்றே விற்கிற டிஸ்க்கை வாங்குங்கள், சாதாரண டிஸ்க் இந்த ஓயாத எழுத்துக்கு ஆனதல்ல. மின்சாரம் எல்லாம் சேர்த்து 45 வாட் அளவில் இழுக்கிறது. இரண்டு மாத பில்லில் அறுபத்தைந்து யூனிட். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த ஒரு கணத்தில் கணினி அணைந்துவிடக் கூடாதென்று கணினி, ஸ்விட்ச், ஃபைபர் பெட்டி மூன்றுக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று.

வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் இணைய வழி) திறந்துவிடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. வேண்டாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை வைத்தே உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. நம்மூர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் வெளியிலிருந்து எட்டக்கூடிய தனிப் பொது இணைய முகவரி கிடையாது என்பதால் போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. நம் கருவிகளை மட்டும் ஒன்றோடொன்று இணைக்கிற டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டேன், எங்கிருந்தாலும் வீட்டுக்குள் இருப்பது போலத் திறக்கிறது. ஃப்ரிகேட்டில் 5000 என்ற போர்ட்டுக்குக் கடவுச்சொல்லே கிடையாது, உள் வேலைக்கு மட்டும். 2024-இல் வந்த 0.14 பதிப்பிலிருந்து 8971-இல் பயனர் பெயரோடு நுழையும் வசதி இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். கேமராக்களை இணையத்துக்கே போகாமல் ரவுட்டரில் தடுத்துவிட்டேன். அப்படிச் செய்தால் அவற்றின் கடிகாரம் மெல்ல விலகும். நேரத்தை வீட்டுக் கணினியிடமிருந்தே வாங்கிக்கொள்ளும்படி அமைத்துவிட வேண்டும்.

பக்கத்து வீட்டு அத்தையின் கிணற்றடி ஒரு கேமராவின் ஓரத்தில் விழுந்தது. ஃப்ரிகேட்டில் மோஷன் மாஸ்க் வரைந்தால் அந்த இடத்தை அது தேடாமல் விடும், ஆனால் படம் பதிவாகிக்கொண்டேதான் இருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. கேமராவின் சொந்த அமைப்பில் பிரைவசி மாஸ்க் என்று இருக்கும். அதில் மறைத்தால்தான் உண்மையில் மறையும். மறைத்த படத்தை அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வீட்டுக்குள் ஒரு கேமராவும் இல்லை. 0.16 பதிப்பில் முகத்தை அடையாளம் காணும் வசதி வந்திருக்கிறது. அதை நான் இயக்கவில்லை. வேலைக்கு வருகிற அக்காவும் பால்காரரும் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று பெயர் போட்டுப் பட்டியல் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குறைகளும் உண்டு. ஸ்டோரில் இறக்குகிற அதிகாரபூர்வ செயலி கிடையாது. உலாவியில் திறந்து முகப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஃபோனுக்கு நேரடி அறிவிப்பு 0.15-இல்தான் வந்தது, அதற்கும் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பை அமைத்தாக வேண்டும். பதிப்பு மாறும்போது கான்ஃபிக் சொற்கள் மாறும். வெளியீட்டுக் குறிப்பைப் படிக்காமல் மேம்படுத்தக் கூடாது. ஏதாவது நின்றுபோனால் கூப்பிட ஆள் இல்லை. எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டி ஆனது, மென்பொருளுக்கு ஒரு ரூபாய் இல்லை.

யாமல் கோப்பைத் தொட விருப்பம் இல்லாதவர்கள், தொலைவில் இருக்கிற பெற்றோருக்கு ஏற்பாடு செய்கிறவர்கள், கடையில் கிடைக்கிற நல்ல என்விஆர் (கேமராப் பதிவுப் பெட்டி) ஒன்றை வாங்குங்கள். பதிவு வீட்டிலேயே இருக்கும், கெட்டால் வந்து பார்க்க ஆள் இருக்கும். வாங்கும்போது ஒவ்வொரு சேனலுக்கும் ஆர்டிஎஸ்பி கொடுக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்தால், பின்னால் எப்போது வேண்டுமானாலும் ஒரு பழைய கணினியில் ஃப்ரிகேட்டைப் போட்டு, அந்தப் பெட்டியிலிருந்தே படத்தை வாங்கிக்கொள்ளலாம். கேமராவையோ கேபிளையோ மாற்ற வேண்டியிருக்காது.